இரண்டாவது டேப்

எழுபதுகளின் நடுவில், அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். டேப் அலமாரி என் பொறுப்பு. யாருக்குப் பெரிய சுருள், யாருக்குச் சின்னது என்பதெல்லாம் நான் முடிவு செய்வதுதான்.

ராயப்பேட்டையிலிருந்து ஒரு டாக்டர் அக்கா வருவார். ஐந்து வருடமாக வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்து வந்தவர். அத்தனையும் கம்ப்யூட்டர் படிக்கும் துளையிட்ட அட்டைகளாக அவர் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. மழைக்குப் பயந்து, டேப்பில் ஏற்றித் தரச் சொன்னார்.

"ரெண்டா எடும்மா. ஒண்ணை அடுத்த கட்டடத்துல வச்சுடு" என்றார் என் மேலதிகாரி.

பெரிய சுருளில் ஏற்றினேன். கால்வாசிகூட நிறையவில்லை. இன்னொரு பெரியதை வீணாக்குவானேன் என்று, பிரதியைச் சின்னச் சுருளில் எடுத்தேன். அதுவரை சரி. ஆனால் அதை அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோகச் சோம்பல். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. பரீட்சை சமயம் மாணவர்கள் டேப் கேட்டு நச்சரித்தபோது, அந்தச் சின்னச் சுருளை அழித்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வேறு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஒரு நாள் அக்கா கேட்டார். "வீட்ல நடக்க இடமில்லம்மா. அட்டையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுடவா? ரெண்டு டேப் இருக்குல்ல?"

"இருக்குக்கா. தாராளமா போடுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் என்னை நம்பியது பிடித்திருந்தது. அன்று மாலையே இன்னொரு பிரதி எடுத்துவிடலாம் என்றும் தோன்றியது. மாலையில் மயிலாப்பூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஏ.சி. மூன்று நாள் ஓடவில்லை. பெரிய சுருள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. மெஷின் அதைப் படிக்கவே மறுத்தது.

விஷயத்தைச் சொன்னபோது அக்கா பதறவில்லை. "அதான் இன்னொண்ணு இருக்கே" என்றார்.

"அதுவும் போயிடுச்சுக்கா" என்றேன்.

அதுவும் ஈரத்தில் போனதாகவே அவர் எடுத்துக்கொண்டார்; நான் திருத்தவில்லை. பிறகு இருவரும் அவர் அட்டைகளைப் போட்ட பழைய பேப்பர் கடைக்குப் போனோம். "இன்னாம்மா, அந்த அட்டையா? அது போய் மாசக்கணக்கா ஆவுது" என்றார் கடைக்காரர்.

மூன்று வருடத்துக் குறிப்பு நோட்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. சனிக்கிழமைதோறும் அவர் வாசிக்க, நான் மறுபடி அட்டைகளில் துளையிட்டேன். மற்ற இரண்டு வருடத்துக் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. அவருடைய ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் என்னுடையது. அந்தப் பக்கத்தை ஒரே தடவைதான் படித்தேன்.

இரண்டு வருடம் கழித்துப் பாண்டி பஜாரில் அவரைப் பார்த்தேன். தாங்க முடியாமல், நடைபாதையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அட்டையைப் போடவான்னு கேட்டேனே, அப்பவே சொல்லியிருக்கலாமே. வீட்லயே வச்சிருந்திருப்பேன்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு எங்கள் நிலையத்துக்கு அவர் வரவேயில்லை.