பெற்றவள் சொன்ன பொய்

வீட்டில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து வாய் ஓயாதவள் என்று அண்ணன் வைத்த பட்டம். அண்ணன் போய்விட்டான், பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அந்த வாயே அவளுக்குச் சோறும் போட்டது. பார்வையற்றோருக்கான நூலகத்தில் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற வேலை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டிய சின்ன அறை, ஒரு மைக், ஒரு மேசை விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால், "அக்கா, உங்க வயிறும் சேர்ந்து வாசிக்குது" என்பார் அவர்.

அவள் வாசிக்கும் எல்லாவற்றையும் முதலில் கேட்பவள் அம்மாதான். பார்வை மங்கி ஒரேயடியாகப் போன பிறகு, ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து மகளின் குரலில் புத்தகம் கேட்பதே அவளுக்குப் பொழுது. லேசில் திருப்திப்பட மாட்டாள். "இந்தக் கதையை நீயே நம்பலடி, குரல்லயே தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கருவியை அணைத்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாவல் மேசைக்கு வந்தது. போரைப் பற்றியது, பரிசெல்லாம் வாங்கியது. பாதி வரை தடங்கலில்லாமல் போனது. அதன் பிறகு ஓர் அத்தியாயம். சிப்பாய்கள் செத்த இளைஞர்களைத் தெருவில் கிடத்திவிட்டு, யார் பிள்ளை என்று கேட்கிறார்கள். ஒரு தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து மகன் மேல் விழுந்து கதறுகிறாள். சுடப்போவதாக மிரட்டியும் எழுந்திருக்கவில்லை. அதற்குக் கீழே நாவலாசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார்: "பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொல்பவள் தாயே அல்ல."

அந்த வரியில் அவள் நின்றுவிட்டாள். மறுபடி வாசித்தாள், குரல் பிசிறியது. இன்னொரு தடவை முயன்று பார்த்தாள், 'தாயே' என்ற சொல்லுக்கு மேல் நகரவில்லை.

"தண்ணி குடிச்சிட்டு வாங்கக்கா. அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் ஒலிப்பதிவாளர்.

தண்ணீர் குடித்தாள், நடைவழியில் நடந்தாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அவள் குழந்தையாக இருந்தபோது அவர்கள் தெருவிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. தெருக்குழாயடியில் கிடத்தியிருந்தவர்களில் ஒருவன் அண்ணன். அதற்கு முன் பக்கத்துத் தெருவில், என் பிள்ளை என்று சொன்ன வீட்டில் மிச்சமிருந்த பிள்ளைகளையும் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான். பெண்களை ஒவ்வொருவராக அழைத்துக் குனிந்து பார்க்கச் சொன்னான் அதிகாரி. அவன் பிணங்களைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா ஒரு கையில் குடத்தோடும் மறு கையில் ரேடியோவின் கையைப் பிடித்தபடியும் போய்க் குனிந்தாள். நிமிர்ந்து, "தெரியாதுங்க" என்றாள். அப்புறம் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்தக் குடம்தான் ரேடியோவுக்கு ஆறவே இல்லை. தெரியாது என்று சொன்னதைக்கூட விவரம் வந்த பிறகு விளங்கிக்கொண்டாள். தண்ணீர் எப்படிப் பிடித்தாள்? ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எப்படி நடந்தாள்? சிறுவயதில் ஒரு தடவை கேட்டதற்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அதன்பின் அந்த வீட்டில் அண்ணன் பெயரை யாரும் எடுக்கவில்லை.

"என்ன சீக்கிரமே வந்துட்ட? இப்ப என்ன புத்தகம் ஓடுது?" என்றாள் அம்மா.

"சமையல் புத்தகம்மா."

"சமையல் புத்தகத்துக்கா உனக்குத் தொண்டை கட்டியிருக்கு?"

ரேடியோ அடுக்களைக்குப் போனாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம், வேலையை விட்டுவிடலாம், அந்த ஒரு பதிவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருக்கலாம். எதை நினைத்தாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அடுத்த சில நாள்களும் அப்படியே போயின. வேலைக்குப் போவாள், வேறு அத்தியாயங்களைப் பதிவு செய்வாள், அந்தப் பக்கத்தைத் தொடாமல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வருவாள்.

கடைசியில் அம்மாவே பிடித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அந்தச் சமையல் புத்தகத்தை எடுத்துட்டு வா. உனக்குத் தொண்டை கட்ட வச்ச இடத்த வாசி."

"வேண்டாம்மா."

"எனக்குக் கண்ணுதான் போச்சு. வாசி."

வாசித்தாள். அந்தத் தாய் ஓடி வந்தாள், விழுந்தாள், கதறினாள். அந்த வரியையும் வாசித்தாள், குரல் அமுங்க. அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடித்த துணியொன்றை எடுத்து உதறி மறுபடி மடித்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு வேற பிள்ளைங்க உண்டா?"

ரேடியோ யோசித்தாள். "இல்லம்மா. ஒரே பையன்."

"குடுத்து வச்சவ. அழுதுட்டா."

அம்மாவே தொடங்கினாள், யாரோ பக்கத்து வீட்டுக்காரி கதையைச் சொல்வதுபோல.

"அவன் சட்டையில மேல் பொத்தான் நான் தச்சது. வெள்ளை நூல் இல்லைன்னு கறுப்புல தச்சிருந்தேன். குனிஞ்சதும் அதுதான் கண்ணுல பட்டுது. நான் அழுதுடுவேன்னு எனக்குப் பயமே இல்லடி. உன் வாய்க்குத்தான் பயந்தேன். அண்ணான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னையும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

ரேடியோவுக்கு அன்றைக்குக் கை நசுங்கியது நினைவிருந்தது. விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு பிடி. அம்மாவுக்குத் தன் மேல் கோபம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"தண்ணி ஏம்மா பிடிச்ச?"

"குடத்தோட வந்தவ வெறுங்குடமா திரும்பினா அந்த அதிகாரி விடுவானா? நிரம்புற வரைக்கும் அவன் காலுக்குப் பக்கத்துல நின்னேன். உன் அண்ணன் காலுக்கு. குழாயில தண்ணி நூல் மாதிரி வந்துச்சு." அம்மா மூச்சு வாங்கினாள். "அது நிரம்பவே கூடாதுன்னு நினைச்சேன். சீக்கிரம் நிரம்பணும்னும் நினைச்சேன்."

ரேடியோ அழுதாள். அம்மா அழவில்லை. தட்டுத்தடுமாறி மகளின் தலையைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தடவினாள்.

மறுநாள் ரேடியோ அந்த வரியை ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். நன்றாக வந்திருப்பதாக ஒலிப்பதிவாளர் சொன்னார். நன்றாக வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நாவலாசிரியர் மேல் கோபமும் தீரவில்லை.

இதோடு மனசு லேசாகியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. அத்தனை காலம் அடக்கி வைத்திருந்த அம்மாவுக்கு இப்போது காலை எழுந்ததும் மகன் பேச்சு, சோற்றில் கை வைத்ததும் மகன் பேச்சு. அவன் பெயரைச் சும்மாவே சொல்லிப் பார்த்தாள். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டு நச்சரித்தாள். காணாமல் போனவர்களுக்கென்று அரசாங்கம் திறந்திருந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள்.

போனார்கள். மர பெஞ்சில் காத்திருந்தார்கள். செத்தது தெரியும், உடம்புதான் வேண்டும் என்று அம்மா சொன்னபோது எழுத்தருக்கு என்ன எழுதுவதென்று புரியவில்லை. பழைய கோப்புகள் வேறு கட்டிடத்தில் இருப்பதாகவும் அடுத்த வாரம் வரும்படியும் சொன்னார். அடுத்த வாரம் போனபோது அவர் விடுப்பில் இருந்தார்.

இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். விடை கிடைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மகளைத் திட்டிக்கொண்டே வருவாள்: "ஊருக்கெல்லாம் வாய் கிழிய வாசிக்கிற, அந்த ஆள்கிட்ட நாலு வார்த்தை சத்தமாக் கேட்க மாட்டேங்கிற." அடுத்த தடவை கேட்கிறேன் என்பாள் ரேடியோ.