கேட்கக் கூடாத கேள்வி கேட்ட நேகி சார்

வள்ளம் திரும்பி வந்த காலை

ரிசப்ஷன் கதவைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். செய்யது அண்ணன், இந்தக் கரை வழக்கில் செய்யது காக்கா, ஈரக் கைலியோடு வாசலில் வந்து நின்றார். அந்த நேரத்துக்கு அவர் கடலில் இருக்க வேண்டிய ஆள்.

“என்ன காக்கா, வள்ளம் எறக்கலையா?”

“எறக்குனேன். ஒங்க குல்லாக்காரரு வாயத் தொறந்தாரு. திரும்பக் கரையில ஏத்திட்டேன்.”

குல்லாக்காரர் என்றால் எங்கள் லாட்ஜில் லாங் ஸ்டேயில் இருந்த நேகி சார். இமாசலத்து மலைக்காரர். பச்சை வெல்வெட் பட்டை வைத்த குல்லாயைக் கழற்றவே மாட்டார். வெயிலிலும் அதுதான்.

“என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு? மூணு நாளா அதே கேள்விதான். ‘எங்க போறீக அண்ணே?’ மொத நாளு ரெண்டு வள்ளம் திரும்புச்சு. நேத்து நாலு. இன்னைக்கு ஒருத்தனும் கடலுக்குப் போகல. ஒங்க ஆளை உள்ள வச்சுப் பூட்டுறியா, நாங்க வந்து பூட்டவா?”

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து ‘எங்க போறே’ என்று கேட்கக் கூடாது. நான் உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் ஊரிலும் யாராவது வெளியே கிளம்பும்போது அப்படிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், திரும்ப வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். கடற்கரையில் தண்ணீரோடு முடியாது. அன்றைய மீன்பாடே போச்சு. வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மதுரையில் ஒரு ஓட்டலில் பயிற்சி எடுத்தேன். அங்கே முதல் பாடமே, கெஸ்ட் படி இறங்கினால் சிரித்த முகத்தோடு ‘எங்கே கிளம்பிட்டீங்க சார்?’ என்று கேட்க வேண்டும் என்பதுதான். பெரியபட்டினம் தாண்டி இந்தக் கடற்கரை லாட்ஜுக்கு வேலைக்கு வந்தபிறகு அந்தப் பாடத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன். ‘டீ குடிச்சிட்டுப் போங்க’ என்று மட்டும் சொல்லிக்கொள்வேன்.

குளிருக்குத் தப்பி வந்தவர்கள்

நேகி சாருக்கு ஆப்பிள் தோட்டம். பனி கொட்ட ஆரம்பித்தால் நாலு மாதம் மலையில் வேலை இல்லை. அவரைப் போன்றவர்கள் அந்தச் சமயத்தில் தெற்கே வருவது வழக்கம். ராமேஸ்வரத்தில் தீர்த்தம் ஆடுவார்கள், தனுஷ்கோடியில் போட்டோ எடுப்பார்கள், ஒரு வாரத்தில் ரயில் ஏறிவிடுவார்கள்.

இவர்கள் வந்தது அதற்கில்லை. அவருடைய வீட்டம்மாவுக்கு மூச்சிழுப்பு. குளிர்காலத்தில் கதவு சன்னல் எல்லாம் அடைத்து, உள்ளே விறகு அடுப்பு எரித்துக்கொண்டு கிடக்க வேண்டுமாம். புகையும் குளிருமாகச் சேர்ந்து நெஞ்சை அடைத்துவிடும். போன குளிர்காலம் முழுக்க அந்த அம்மா உட்கார்ந்தபடியே தூங்கினாராம். ‘இனி ஒரு குளிர்காலம் இங்கே வேண்டாம், எங்காவது வெதுவெதுப்பான ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் ராமேஸ்வரத்தில்தான் ரூம் போட்டிருக்கிறார்கள். மாடி ரூம், லிஃப்ட் கிடையாது, வாசலில் எந்நேரமும் கூட்டம். அந்த அம்மாவால் படி ஏற முடியவில்லை. யாரோ சொல்லி எங்களிடம் வந்தார்கள். எங்களுடையது தரைத்தள ரூம்கள். கதவைத் திறந்தால் மணல், அதற்கப்பால் கடல்.

வந்து சில நாள் கழித்து ஹவுஸ்கீப்பிங் பெண் என்னிடம் வந்து, “அண்ணே, அந்த ரூம்ல தலகாணி நாலு எக்ஸ்ட்ரா கேட்டு வாங்குனாகள்ல, மூணைத் திருப்பிக் குடுத்துட்டாக” என்றாள். அந்த அம்மா படுத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். நேகி சார் அன்றைக்கு ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது கெஸ்ட்டுகளிடம் கேட்டுப் பழகிய இந்தி. அதுகூட அன்றைக்குத் தேவைப்படவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் மனுசன் தமிழ் படிக்க இறங்கினார். போனைப் பார்த்து, ‘எங்கே போகிறீர்கள்’ என்று ஆரம்பித்தார். அது கடற்கரையில் ஒருத்தருக்கும் புரியவில்லை, அதனால் ஒரு பாதகமும் இல்லை. சமையல்கட்டில் போய் உட்கார்ந்து, இந்த ஊர் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுச் சுத்தமாக ‘எங்க போறீக அண்ணே’ என்று கற்றுக்கொண்டார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலாளி போன் செய்தார்

செய்யது காக்கா போன கொஞ்ச நேரத்தில் முதலாளியிடமிருந்து போன். மதுரையில் இருக்கிறவருக்கு அதற்குள் சேதி போயிருக்கிறது.

“ஊர்க்காரங்களைப் பகைச்சிக்கிட்டு லாட்ஜ் நடத்த முடியுமாய்யா? பீச்சுக்குப் போற பாதை அவங்க வள்ளம் ஏத்துற எடத்துலதான் போகுது. நாளைக்கு அடைச்சாங்கன்னா? அந்த ஆளுக்கு வேற எங்கயாவது ரூம் பார்த்து அனுப்பிரு.”

“சார், அந்தம்மாவுக்கு இங்கனதான் ஒத்துக்கிட்டிருக்கு.”

“எல்லாம் எனக்கும் தெரியும். ஒண்ணு காக்காகிட்டப் பேசி முடி. இல்ல, சாயங்காலம் செக்-அவுட் போடு.”

நேகி சாரின் ரூமுக்குப் போனேன். தெரிந்த இந்தியில் சொன்னேன். “நான் கேட்டதால் அவர்கள் வீட்டில் இன்றைக்கு மீன் இல்லையா?” என்றார். ஆமாம் என்றேன். அந்த அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

“மூடு அதை” என்றார் நேகி சார். பிறகு என்னிடம், “அவர் வீட்டுக்குக் கூட்டிப்போ. அனுப்புவதென்றால் பிறகு அனுப்பு.”

காக்கா வீட்டில்

நேகி சார் ஒரு பை நிறைய அவர் ஊர் அக்ரூட் கொட்டை எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு போகக் கூடாதாம். செய்யது காக்கா வேப்பமரத்து நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அவருடைய வீட்டம்மா, எல்லாருக்கும் அக்காவான ரகுமத் லாத்தாதான், “வந்தவுகளை நிக்க வச்சே பேசுவீகளா?” என்று பாயை எடுத்துப் போட்டார்.

நேகி சார் பாயில் உட்கார்ந்ததும் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் தலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முழு வழுக்கை. லாத்தா சிரிப்பை அடக்க உள்ளே ஓடினார்.

நேகி சார் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன்.

“எங்கள் மலையில் ஒருத்தர் கிளம்பினால், பார்க்கிறவர் கேட்டே ஆக வேண்டும். பனியில் பாதை மூடிவிடும். சாயங்காலம் ஆள் திரும்பவில்லை என்றால், எந்தப் பக்கம் போனார் என்று ஒருத்தருக்காவது தெரிய வேண்டும். அப்போதுதான் தேடிப் போக முடியும். கேட்காமல் விட்டால், நீ செத்தாலும் எனக்கென்ன என்று சொன்ன மாதிரி. உங்களிடம் நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.”

செய்யது காக்காவின் கை வலை ஊசியோடு நின்றது.

“அங்கன பனியில தேடிப் போகலாம் சார். கடல்ல எங்கன போய்த் தேட? அல்லா மேல பாரத்தைப் போட்டு எறங்குறோம். எங்க போறேன்னு நாங்களே சொல்லிக்கிறதில்ல. போயிட்டு வந்தப்பறம்தான் அது போன எடம்.”

இதை நான் இந்தியில் சொல்லத் திணறினேன். பாதிதான் சொல்லியிருப்பேன். நேகி சார் மீதியைப் புரிந்துகொண்டார்.

லாத்தா டீ கொண்டுவந்தார். “அந்தக் கொமரிக்கு இழுப்பாமே?” என்றார் என்னிடம். நேகி சாரின் வீட்டம்மாவுக்கு அறுபது வயது இருக்கும்.

“ஆமா லாத்தா. அங்க திரும்பிப் போனா குளிர் தாங்காது.”

லாத்தா புருசனைப் பார்த்தார். காக்கா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “நாங்க போறப்ப வர வேணாம். வாரப்ப வரட்டும். வள்ளம் ஏத்த ஆளு பத்தமாட்டேங்குது” என்றார்.

அன்றைக்குச் செக்-அவுட் போடவில்லை.

கை கொடுத்தவர்

மறுநாள் வெயில் ஏறி வள்ளங்கள் திரும்புகிற நேரத்தில் நேகி சார் ஷூ மாட்டிக்கொண்டு கம்பீரமாகக் கரைக்குப் போனார். வள்ளத்துக்குப் பக்கத்தில் போனதும் அங்கே ஒரு கூச்சல். வள்ளத்தைத் தொடும்போது காலில் செருப்பு இருக்கக் கூடாது. அவசரமாக ஷூவைக் கழற்றினார். மணல் சுட்டது. மனுசன் கொக்கு மாதிரி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். கரையே சிரித்தது.

“ஏலே, அவரை ஈர மணலுக்கு இழுங்கடா!” என்று காக்கா கத்தினார்.

ஆப்பிள் பெட்டி சுமந்த தோள் அவருக்கு. தோளைக் கொடுத்து ஒரு உந்து உந்தினால் வள்ளம் சொன்னபடி கேட்டது. ஏத்திக் கொடுத்தவனுக்கு ஒரு கை மீன் உண்டு. நேகி சார் வீட்டில் மீன் சாப்பிட மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் அது இன்னொரு தப்பாகிவிடும் என்று வாலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி லாட்ஜ் வரைக்கும் கொண்டுவந்து எங்கள் சமையல்கட்டில் கொடுப்பார். எங்களுக்கு வாரத்தில் பாதி நாள் அவர் சம்பாதித்த மீன்தான்.

அந்த அம்மா சாயங்காலம் லாத்தா வீட்டுக்குப் போய்விடுவார். இவர் இந்தியில் பேசுவார், அவர் தமிழில் பதில் சொல்வார். எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் லாத்தாவுக்கு மலையில் இருக்கிற மருமகளின் குணம்வரை தெரிந்திருந்தது. அந்த அம்மா காக்காவுக்கு ஒரு கம்பளிக் குல்லா பின்னிக் கொடுத்தார். எங்கள் ஊர் வெக்கைக்குக் கம்பளி! காக்கா மார்கழி மாதத்து அதிகாலையில் அதை மாட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போனார். ஒருத்தன் கேலி பேசவில்லை. பேச விடவில்லை.

விடியற்காலையில் மட்டும் நேகி சார் ரூமைவிட்டு வர மாட்டார். மோட்டார் சத்தம் தூரத்தில் மறைகிறவரைக்கும் சன்னலுக்குப் பின்னால் வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அந்த அம்மா சொல்லிச் சிரிப்பார்.

செக்-அவுட்

பங்குனி வெயில் ஆரம்பித்தது. மலையில் பனி உருகிவிட்டதாக மகன் போன் செய்தான். ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குக் கார் சொல்லியாயிற்று.

கார் நிற்கிற இடத்துக்குக் கரை ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். லாத்தா கருவாட்டுக்குப் பதிலாக முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். பெட்டி ஏற்றினோம். அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். நேகி சாருக்குத்தான் ஏற மனசில்லை. கதவைத் திறந்தார், மூடினார். குல்லாயைச் சரி செய்தார். எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். எல்லாரும் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். கிளம்புகிறவரை இங்கே அப்படித்தானே அனுப்புவோம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறக் காலை வைத்தார்.

“சார்!”

கூப்பிட்டது செய்யது காக்கா. அந்த வெயிலிலும் கம்பளிக் குல்லாயோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எங்க போறீக?”

“யா அல்லா, ஒங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்று லாத்தா வாயில் அடித்துக்கொண்டார்.

நேகி சார் திரும்பினார். எத்தனை வருசமானாலும் அந்த முகம் எனக்கு மறக்காது. நெஞ்சை நிமிர்த்தி, தான் கற்றுக்கொண்ட தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“ராமநாதபுரம் போறேன் அண்ணே. பொறகு மதுரை. பொறகு டெல்லி. பொறகு சிம்லா. பொறகு எங்க வீடு. வீட்டு முன்னால பெரிய தேவதாரு மரம் இருக்கு.”

அதைக் கேட்டு இன்னொருத்தர் “எங்க போறீக சார்?” என்றார். பிறகு இன்னொருத்தர். கடைசியில் லாத்தாவும் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நேகி சார் ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து, தேவதாரு மரம்வரை, ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று.

கார் போனதும் நான் காக்காவிடம் கேட்டேன். “ஏன் காக்கா, கேக்கக் கூடாதுன்னு அன்னைக்கு என்னா ஆட்டம் ஆடுனீக?”

“அவரு கடலுக்கா போறாரு? மலைக்குப் போறாரு” என்றார். குல்லாயைக் கழற்றி உதறிக்கொண்டே, “இப்ப எங்க போயிருக்காருன்னு தெரியும்ல. அடுத்த குளிருக்கு வரலேன்னா போய்த் தேடலாம்.”

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். வருகிற கெஸ்ட்டுக்கு நம்ம ஊர் வழக்கத்தைச் செக்-இன் அன்றைக்கே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அதில் கூச்சப்படாதீர்கள். கூடவே, உங்கள் ஊரில் ஒருத்தரை வழியனுப்பும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டு மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ரிட்டயர் ஆகிறவரைக்கும் கேட்டேன். செக்-அவுட் அன்றைக்கு அது தேவைப்படும்.