சோடாக்கடையில் அமெரிக்கா

காலை ஐந்தே முக்கால் மணி. மாடி ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை ஒன்றையொன்று பற்றிக் குலுக்கும் இரண்டு கைகள். தெருவோரம் நின்ற சிக்லோவுக்குள் வண்டிக்காரர் காலை மடக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த போர்வை அவர் மேல் கிடந்தது. அந்தக் கைகள் அதில்தான் அச்சாகியிருந்தன. அவற்றுக்கு மேலே நட்சத்திரங்கள், கோடுகள். கீழே இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்ற வாசகம். சிக்லோவைப் பார்த்திராதவர்களுக்காக: நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவைத் திருப்பி வைத்த மாதிரியான வண்டி அது. பயணி முன்னால் உட்காருவார், ஓட்டுபவர் பின்னால் மிதிப்பார். வழியில் எது வந்தாலும் முதலில் மோதுவது பயணியின் முழங்கால்தான்.

சைகோனில் இப்போது எங்கே திரும்பினாலும் அந்தக் கைகள்தான். பால்பவுடர் டின்னில், சிமென்ட் மூட்டையில், வடக்கிலிருந்து வந்த அகதிகளுக்குக் கொடுக்கும் கம்பளியில். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காலி செய்யும் வீடுகளில் அமெரிக்கர்கள் குடியேறுகிறார்கள். ஆனால் நான் பிழை திருத்துபவனாக வேலை பார்க்கும் பிரெஞ்சுப் பத்திரிகையிலாகட்டும், காப்பிக் கடைகளிலாகட்டும், அமெரிக்கா செய்வது சரியா தவறா என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அமெரிக்கர் ஒருவர் கேட்டுவிட்டால் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் மிக நன்று என்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் என் ஊர் காரைக்காலில் நிலைமை நேர்மாறு. அங்கே நான் ஓர் அமெரிக்கரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்காவைப் பற்றிப் பேசாமல் ஒரு மாலைகூடக் கழிந்ததில்லை.

பேசியது காதர் நானாவின் சோடாக்கடையில். நானா என்றால் அண்ணன். காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் அழைப்பார்கள். ஊரே அழைத்ததால் நாங்களும் அழைத்தோம். பேரளத்திலிருந்து வரும் ரயிலில் சென்னைப் பத்திரிகைகள் பிற்பகலில் வந்து சேரும். எல்லையில் பிரெஞ்சுச் சுங்கக்காரர்கள் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாததால் படங்களை மட்டும் பார்த்துவிட்டு விடுவார்கள். அப்போதெல்லாம் நான் ஒரு தினசரிக்கு ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே பத்திரிகையை உரக்கப் படிப்பது என் பொறுப்பு. கொரியச் சண்டை நடந்த சமயம் அது. இந்தியாவில் பஞ்சம். அமெரிக்கக் கோதுமை வருமா வராதா என்று பேச்சு. இதற்கெல்லாம் மேலாகக் காரைக்கால் பிரான்சோடு இருப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்ற கேள்வி.

அந்தக் கேள்வியால்தான் கடையில் ஒரு சட்டம் பிறந்தது. ஒருநாள் மைத்துனர்கள் இருவர் வாய்ச்சண்டை முற்றி சோடா பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டார்கள். பெஞ்சின் ஓரத்தில் சிப்பாய் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரரை நாங்கள் சிப்பாய் என்போம். யார் யார் இணைப்பை ஆதரித்துப் பேசுகிறார்கள் என்று ஸ்டேஷனில் சொல்வது அவர் வேலை. அது எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். காதர் நானா பாட்டில்களை வாங்கி உள்ளே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னையிலேர்ந்து இந்தக் கடையில யாரும் சொந்தக் கட்சி பேசக் கூடாது. அவங்கவங்க எதிராளிக்கு வக்கீல். யாரு நல்லாப் பேசினாருன்னு எதிராளிதான் சொல்லணும். நல்லாப் பேசுறவருக்கு ஒரு பன்னீர் சோடா, என் கணக்குல."

எதற்காக இந்தச் சட்டம் என்பது எங்களுக்குப் புரிய இரண்டு மாலைகள் பிடித்தன. பிரான்சை நம்புகிறவர் இணைப்புக்காக வாதாடினார். இணைப்புக்காரர் பிரான்சுக்காக வாதாடினார். சிப்பாய் யாரைப் பற்றி என்னவென்று எழுதிக் கொடுப்பார்? ஒருநாள் அவரையும் இழுத்துவிட்டோம். பிரெஞ்சுச் சம்பளம் வாங்குகிறவர், ஆகவே இணைப்பை ஆதரித்துப் பேச வேண்டும். மனிதர் எழுந்து நின்று உருகி உருகிப் பேசினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மறுநாள் ஸ்டேஷனில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவரைப் பற்றி யார் போய்ச் சொன்னது என்பது கடைசிவரை தெரியவில்லை.

அமெரிக்க வழக்குக்கு நிரந்தர வக்கீல்கள் இருவர். ஒருவர் அம்பகரத்தூரிலிருந்து சைக்கிளில் வரும் சண்முகம் வாத்தியார். முதலாளிகள் என்றாலே முகம் சுளிப்பவர். அதனால் அமெரிக்காவை ஆதரித்துப் பேசுவது அவர் தலைவிதி. மற்றவர் ஹமீது பாய், ஜவுளிக்காரர். அமெரிக்கா மீது அவருக்கு உண்மையான பிரியம். ராஜாவை விரட்டிவிட்டுத் தாங்களே ஆண்டுகொண்டவர்கள், டச்சுக்காரன் இந்தோனேசியாவை விட்டுப் போகட்டும் என்று சொன்னவர்கள், கடைசியில் நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள்தான் துணை என்பார். அதாவது, கடைக்கு வெளியே அப்படிச் சொல்வார். உள்ளே வந்தால் அமெரிக்காவைக் கிழித்துத் தொங்கவிடுவார்.

"ராஜா வேணாம்னு சண்டை போட்டவன் இன்னொருத்தன் ராஜாங்கத்துக்கு எதுக்குங்க துப்பாக்கி வாங்கிக் குடுக்குறான்? இந்தோசீனாவுல வெடிக்குற குண்டுக்கு யாரு காசு குடுக்குறது, சொல்லுங்க!" என்பார் ஹமீது பாய்.

வாத்தியார் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார். "கோதுமை குடுக்குறான், பேரம் பேசுறான்னு குத்தம் சொல்றீங்க. பேரம் பேசாம குடுத்தவன் எவன்? பேரைச் சொல்லுங்க பாய்! நம்மள ஆளுறவனா?"

"வாத்தியாரே, இப்புடிப் பேசினா உங்களுக்கு அமெரிக்காவுலேர்ந்து பொண்ணு குடுத்துருவாங்க."

"குடுக்கட்டும். சீர் செனத்தியெல்லாம் கோதுமையாவே வாங்கிக்குறேன்."

கடையே சிரிக்கும். ஆனால் வழக்கு சிரிப்போடு முடிந்துவிடாது. எதிராளியின் வாதத்தை அவர் சொல்வதைவிட நன்றாகச் சொல்ல வேண்டுமென்றால் நாள் முழுவதும் அதையே யோசித்தாக வேண்டும். துணி அளந்துகொண்டிருக்கும்போதே ஹமீது பாய் என்னைக் கூப்பிட்டு, "பேப்பர்காரரே, அமெரிக்காவுக்கு விரோதமா இன்னிக்கி ஏதும் சேதி உண்டா?" என்று கவலையோடு கேட்பார். இல்லை என்றால் முகம் வாடிவிடும். அவர் மனத்துக்குச் சந்தோஷமான செய்திதான் அது. ஆனால் மாலைக்குச் சரக்கு இல்லையே.

இணைப்பு நடந்து, கொடி மாறிய மறுநாள் மாலை காதர் நானா அறிவித்தார்: "இனிமே பயமில்ல. அவங்கவங்க நெனைக்கிறத அவங்கவங்க பேசலாம்." பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிப்பாய் மாணிக்கம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காதர் நானா ஒரு சோடாவின் கோலிக் குண்டை அழுத்தித் திறந்தார். கடைசியில் வாத்தியார் தொண்டையைச் செருமினார். "பாகிஸ்தானுக்கு ஆயுதம் குடுக்கப் போறானாமே. இன்னிக்கி அமெரிக்கா பக்கம் நானே பேசிடுறேன்" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ஹமீது பாய் சைகோனுக்குக் கப்பலேறினார். இங்கே அவருடைய மாமனார் வைத்திருந்த ஜவுளிக்கடையை ஏற்று நடத்த ஆளில்லை. எனக்குப் பிரெஞ்சும் தெரியும், ஆங்கிலமும் தெரியும் என்பதால் என்னையும் கூட்டி வந்தார். கடைக்கு மேல்மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கடை சுமாராக நடந்தது. பிறகு, துணி வியாபாரம் உள்ளிட்ட சில தொழில்களை வெளிநாட்டவர் செய்யக் கூடாதென்று இந்நாட்டு அரசாங்கம் உத்தரவிட்டது. ஹமீது பாய்க்கு வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். ஊரில் இருந்த கடையை விற்றுத்தான் அவர் கப்பலேறினார். அங்கே திரும்பிப் போய் உட்கார இடமில்லை.

அப்போதுதான் அமெரிக்க உதவி அலுவலகம் ஒன்றுக்குத் துணி தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டோம். அகதிகளுக்கு வரும் கம்பளி, காடாத் துணிகளைத் தரம் பார்த்துச் சொல்லும் வேலை. துணியைக் கையால் தொட்டதும் எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று சொல்லக்கூடியவர் ஹமீது பாய். அதிகாரி கெல்லர் என்பவர் அவரைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். திங்கட்கிழமை வந்து சேரலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. சனிக்கிழமை பகல் விருந்துக்கு எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். நான் மொழிபெயர்ப்பாளன்.

கெல்லர் நல்ல மனிதர். பன்றி இறைச்சி கூடாதென்று முன்பே விசாரித்து மீன் சமைக்கச் சொல்லியிருந்தார். சாப்பாட்டின் நடுவே முள்கரண்டியை வைத்துவிட்டு, "உங்கள் ஊரில் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

ஹமீது பாயின் முகம் மலர்ந்தது. சைகோனுக்கு வந்த பிறகு அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார். காதர் நானா கடையில் எழுந்திருப்பதற்கு முன் அப்படித்தான் செய்வார். நானும் அந்தப் பெஞ்சில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவன். நாற்காலி நகர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். ராஜாவை விரட்டியவர்கள் பிரெஞ்சு ராஜாங்கத்தின் சண்டைக்குப் பணம் கொடுத்தது. பசித்தவனை வாசலில் நிற்க வைத்துவிட்டு, அவன் நன்றி உள்ளவனா என்று உள்ளே விவாதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் துப்பாக்கி கொடுத்துவிட்டு, இது உன்னைச் சுட அல்ல என்று இந்தியாவுக்குச் சமாதானம் சொன்னது. கடைசியாக மேசையிலிருந்த பால்பவுடர் டின்னைக் கையில் எடுத்தார். "கை குலுக்குறாங்க, சரி. குடுக்குறவர் கை எது, வாங்குறவர் கை எதுன்னு படத்துல தெரியல. தெருவுல எல்லாருக்கும் தெரியுது."

கடையிலாக இருந்தால் இந்த இடத்தில் வாத்தியாரே எழுந்து பன்னீர் சோடா சொல்லியிருப்பார். ஹமீது பாய் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இப்ப நீங்க" என்றார்.

"இப்போது நான் என்ன?" என்று கெல்லர் கேட்டார்.

"உங்க முறைங்க. நீங்க நெனைக்கிறதுக்கு எதிரா நீங்க பேசணும்."

கெல்லர் என்னைப் பார்த்தார். நான் சோடாக்கடையை விளக்கினேன். மைத்துனர்கள், சிப்பாய், வாத்தியார் எல்லோரையும் சொன்னேன். ஹமீது பாய் உண்மையில் அமெரிக்காவின் நண்பர் என்பதையும் சொன்னேன். கெல்லர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நம்பாத ஒருவரால் இவ்வளவு நன்றாகப் பேச முடியாது" என்றார். அதற்கு மேல் மீனைப் பற்றிப் பேசினோம்.

திங்கட்கிழமையன்று, அந்த வேலை ஹமீது பாய்க்கு இல்லை என்று செய்தி வந்தது. வேறொருவரை எடுத்திருந்தார்கள். அவரை எனக்கும் தெரியும். காப்பிக் கடையில் குரலைத் தாழ்த்தி அமெரிக்கர்களைத் திட்டுபவர், அலுவலகத்தில் புகழ்பவர். அவர் செய்ததும் ஹமீது பாய் செய்ததும் ஒன்றுதானே என்று அன்று முழுவதும் யோசித்தேன். ஒன்றல்ல. சோடாக்கடையில் எல்லோருக்கும் எல்லோருடைய உண்மைக் கட்சியும் தெரிந்திருந்தது.

ஹமீது பாய் யாரையும் குறை சொல்லவில்லை. "பேப்பர்காரரே, நான் சொன்னதுல எது பிசகு?" என்று மட்டும் கேட்டார். எதுவும் பிசகில்லை என்றேன். "அப்ப சரி" என்றவர் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு, "வாத்தியாரு கூட இருந்திருக்கணும். அமெரிக்கா பக்கம் பேச ஆளே இல்லாமப் போச்சு" என்றார்.

கடையில் மிச்சமிருந்த துணிகளை அடக்க விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெல்லர் தனியாக வந்தார். ஒரு துணிக் கட்டின் மீது உட்கார்ந்துகொண்டு, உடைந்த பிரெஞ்சில், "என் முறை" என்றார். ஹமீது பாய் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். கெல்லர் பேசத் தொடங்கினார். நாங்கள் ஒரு நாட்டுக்கு வருகிறோம், இரண்டு வருஷம் இருக்கிறோம், மாற்றலாகிப் போகிறோம், குடியிருந்த தெருவின் பெயர்கூடத் தெரியாமலே போகிறோம் என்றார். அதற்கு மேல் ஓடவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தெருவுக்கு என்ன பேரு?" என்று ஹமீது பாய் கடையில் பழகிய அரைகுறைப் பிரெஞ்சிலேயே கேட்டார்.

கெல்லர் ஒரு பிரெஞ்சுத் தளபதியின் பெயரைச் சொன்னார். அது பழைய பெயர். புதிய அரசாங்கம் தெருக்களுக்கெல்லாம் வியட்நாமியப் பெயர் வைத்து, மூலையில் புதுப் பலகையும் அடித்திருந்தது. ஹமீது பாய் திருத்தவில்லை. எங்களுக்கும் அந்தப் பழைய பெயர்தான் வாயில் வந்துகொண்டிருந்தது.

"பரவால்லங்க. போகப் போகப் பழகிடும்" என்று தமிழில் சொன்னார். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சோடா வரவழைத்துக் கொடுத்தார். அதில் கோலிக் குண்டும் இல்லை, பன்னீர் வாசனையும் இல்லை. வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. குடித்து முடித்ததும் கெல்லர் கை நீட்டினார், இருவரும் குலுக்கிக்கொண்டார்கள்.

ஹமீது பாய் ஊர் திரும்பிய கப்பல் புறப்பட்ட அன்று நான் துறைமுகம் வரை போனேன். காரைக்காலில் கொடி மாறினாலும் எங்கள் குடியுரிமை இன்னும் மாறவில்லை, அவர் மடியில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுதான் இருந்தது. பெட்டியில் காதர் நானாவுக்கு ஒரு கைலியும் வாத்தியாருக்கு ஒரு பேனாவும். "போனதும் மொத நாளே கெல்லரு சொன்னதக் கடையில சொல்லணும். அமெரிக்காக்காரரே அமெரிக்காவுக்கு விரோதமாச் சொன்னாருன்னா வாத்தியாரு என்ன செய்வாரு, பாவம்" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

அதே கப்பலில் சென்னைக்குப் போய்த் திரும்பிய நாகூர்க்காரர் ஒருவர் போன வாரம் எங்கள் அச்சகத்துக்கு வந்திருந்தார். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை இரண்டு வரிசையாகப் பிரித்தார்களாம். இந்தியர்களுக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. ஹமீது பாய் முதல் வரிசையில் போய் நின்றிருக்கிறார். கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, அவரை இரண்டாவது வரிசைக்குப் போகச் சொன்னார்கள்.