வைக்கோல் சுற்றிய விண்மீன் மண்டலம்

விண்மீன்களைக் கம்ப்யூட்டருக்குள் சுற்றவிட்டுப் பார்ப்பது என் தொழில். எழுபதுகளில் அதில் முக்கால்வாசி அட்டை சுமக்கிற வேலைதான். கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் துளை போட்ட ஓர் அட்டை. ஒன்று இடம் மாறினாலும் மொத்தமும் பாழ். அட்டை சுமந்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கெடு

என் கணக்கில் விண்மீன் மண்டலம் தட்டு மாதிரி அழகாகச் சுற்ற ஆரம்பிக்கும், அப்புறம் சிதறிப்போகும். நிஜத்தில் சிதறவில்லையே! கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் சுற்றி நின்று தாங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போடுகிறேன் என்றேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இதான் கடைசித் தடவைம்மா. இதுவும் சிதறினா ஆராய்ச்சிய விட்டுட்டு ஊர் போய்ச் சேரு."

பார்சல்

லீவில் விருத்தாசலம் வந்து, வீட்டில் உட்கார்ந்து அட்டைகளைச் சரிபார்த்தேன். அண்ணனுக்குப் பீங்கான் கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் கிளம்புகிற அன்று கொட்டோ கொட்டென்று மழை. குளித்துவிட்டு வருவதற்குள் அட்டைகள் இருந்த பெட்டியை அவனே இறுக்கிக் கட்டிவைத்துவிட்டான். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பிரித்துப் பார்க்கவில்லை. "மெட்ராஸ் வரைக்கும் உருட்டிக்கினே போனாலும் ஒண்ணும் ஆவாது பாப்பா."

துரும்பு

கம்ப்யூட்டர் அறையில் பெட்டியைத் திறந்தேன். ஐயோ! கோப்பைக்கு வைக்கிற மாதிரி அடுக்குக்கு அடுக்கு வைக்கோல்! ஒரு துரும்பு அட்டை படிக்கிற மெஷினில் சிக்கினால் அட்டை கிழியும், கம்ப்யூட்டரில் எனக்குக் கிடைத்த முறையும் போய்விடும், படிப்பும் போய்விடும். பாவி அண்ணா!

ஒவ்வோர் அட்டையாக ஊதித் துடைத்தேன். அடுக்கின் பக்கவாட்டில் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பது எங்கள் வழக்கம். அட்டை இடம் மாறியிருந்தால் கோடு அங்கே விட்டுப்போகும். நல்லவேளை, விட்டுப்போகவில்லை. ஆபரேட்டர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, கணக்குப் போட வந்தியா, மாட்டுக்குத் தீனி வைக்க வந்தியா?"

விடை

பிரிண்டர் தாள் தாளாகத் துப்பியது. விண்மீன்களெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். வழக்கமாகச் சிதறுகிற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் வட்டம் அப்படியே இருக்கிறது! அங்கேயே அழுதுவிட்டேன்.

வைக்கோலுக்காக அண்ணனை நாலு வாங்கு வாங்கணும் என்றுதான் ஊருக்கு வந்தேன். வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததும், "சிதறலண்ணே!" என்றுதான் வாயில் வந்தது. அவன் அசரவே இல்லை. "நான் கட்டிக் குடுத்தது என்னிக்கு ஒடஞ்சிருக்குது?"

விண்மீன் மண்டலத்தைத் தாங்குவது எது என்று உலகமெல்லாம் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது. எங்கள் வூட்டில் மட்டும் அது வைக்கோல்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.