முகத்தை மறைத்தால் போதுமா?

காலை ஏழேகாலுக்கு, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, அன்றைய பத்திரிகையை மேசைமேல் விரித்து நின்றபடியே புரட்டுகிறார் போன் அக்கா. தலைப்புகளைப் படிப்பதில்லை. படங்கள் மட்டும்தான். தீ விபத்துப் படத்தில் ஒரு கணம் கண் நிற்கிறது. "நாப்பது வரும்," என்கிறார். அன்று மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் கூப்பிட்டார்கள்.

பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்தான் எடுக்கிறார். வாசகர் திட்டுவது முதலில் அவர் காதில்தான் விழும். படம் பிடித்தவரும் அதைப் பக்கத்தில் வைத்தவரும் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"தட்டுல சாப்பாடு, பக்கத்துல பொணம். எப்படிம்மா தொண்டையில எறங்கும்?" என்று ஒருவர் சீறுகிறார்.

"தப்புதான் சார். பேப்பரக் கவுத்து வச்சிட்டுச் சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

போனை வைத்துவிட்டுத் திரும்புகிறார். "படத்துல மூணாவது ஆளுக்கு ஒரு கால்ல செருப்பு இல்லங்கிற வரைக்கும் பாத்து வச்சிட்டுத்தான் திட்டுறாரு. இவரப் பத்திக் கவலையில்ல, கத்தித் தீத்துட்டாரு. கூப்பிட்டுட்டு ஒண்ணும் பேசாம இருக்காங்க பாருங்க, அவங்களுக்குத்தான் நான் பயப்படுவேன்." அத்தகைய அழைப்பை அவர் துண்டிப்பதில்லை. பென்சிலால் காதோரம் சொறிந்துகொண்டு, மறுமுனையில் மூச்சு சீராகும்வரை காத்திருப்பார்.

சொந்த வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. கணவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிக்கிறார். "பேப்பர் ஆபீஸ்காரி புருஷன் நான். வெளிய சொன்னா சிரிப்பாங்க," என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல்.

கோரமான படமென்றால் முகத்தை மங்கலாக்கிவிட வேண்டும், அதோடு பாவம் தீர்ந்தது என்பது அந்த அலுவலகத்தின் நெடுநாள் நம்பிக்கை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது: "நாலாம் பக்கத்துல, ரோட்டுல கெடக்கிறவருக்குப் பக்கத்துல ஒரு பை இருக்குல்லங்க? அது என்ன கலரு?" உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சானவை. அக்கா மாடியேறி, கணினியில் மூலப்படத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இறங்கி வந்து, "பச்சைங்க," என்றார். அதற்குப் பிறகு மறுமுனையில் சத்தமே இல்லை.

"வீட்டுக்கு யாரும் சொல்றதுக்கு முந்தி அவங்க பேப்பர்ல பாத்திருக்காங்க. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணவேயில்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பழகிட்டேன்."

அன்றிலிருந்து வேலைநேரம் முடிந்தாலும் அவர் கிளம்புவதில்லை. வெளியூர்ப் பதிப்பின் முதல் பக்கம் மாலை ஆறு மணிக்கு அச்சுக்குப் போகும். அதற்கு முன் மாடிக்குப் போய்விடுவார். அதிகாரம் ஏதும் கிடையாது. கையில் இருப்பது ஒரே கேள்வி: "வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

போன வெள்ளிக்கிழமை, கவிழ்ந்த வேனும் அதன் ஓட்டுநரும் ஐந்து பத்தி அகலத்தில் திரையில் கிடந்தார்கள். அக்கா கேள்வியைக் கேட்டார். செய்தி ஆசிரியர் நிமிராமலே சொன்னார்: "முகமே தெரியலக்கா. குப்புறக் கெடக்கிறாரு. இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க?"

"பொண்டாட்டிக்கு முகம் எதுக்கு தம்பி? அந்தக் கட்டம்போட்ட சட்டைய மடிச்சு வச்சதே அவளா இருக்கும்."

"பக்கம் போக இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு."

"ஸ்டேஷனுக்குப் போன் போட ரெண்டு நிமிஷம்."

"மத்த பேப்பர்க்காரன் எல்லாம் போடுவான்."

"போடட்டும். அவனவனுக்கு வர்ற போன அவனவன் எடுத்துக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். செய்தி ஆசிரியர் சிரிக்கவில்லை, எண்ணை அழுத்தினார். "லைன்ல இருக்கச் சொல்றாங்க," என்று ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டார். மணி ஐந்து ஐம்பத்தாறு. காவல் நிலையத்தில் யாரோ யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்பிடவா சார்?" என்று கேட்டார் பக்க வடிவமைப்பாளர்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து வடிவமைப்பாளர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து, திரையில் அந்தக் கட்டம்போட்ட சட்டையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். வடிவமைப்பாளர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.