பேருக்கும் ஐஸுக்கும் ஒரு விலை

மருந்துக்கடையில் நிற்பவளுக்கு மருந்து விற்பது பாதி வேலை, விலைக்குக் காரணம் சொல்வது மீதி வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று ஏச்சு வாங்கியவர்களுக்கு இது விளங்கும். புளியந்தீவில் எனக்கு அதிகம் ஏச்சு வாங்கித் தந்தது சீனி வருத்தத்துக்குப் போடும் இன்சுலின்தான்.

பெயர் வைத்த செலவு

கணபதி அண்ணன் உன்னிச்சையில் வயல் செய்பவர். மகள் வசந்திக்குப் பத்து வயதிலேயே சீனி வருத்தம். ஊசி இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்தால் எங்களிடம் வருவார், பெரிய கொம்பனிப் பெட்டியைத்தான் கேட்பார். விலை கூடினால்தான் நல்ல மருந்து என்பது அவர் எண்ணம். ஒருநாள், மருந்துச் செலவுக்காக வயல் வட்டையில் கிடக்கும் காணியை விற்கப் போவதாகச் சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதே மருந்து இந்தியாவிலிருந்து சாதாரணப் பெட்டியில் பாதி விலைக்கு வருகிறது, டொக்டரைக் கேட்டு மாற்றுங்கள், நீங்கள் கொம்பனியின் பெயருக்குத்தான் காசு கட்டுகிறீர்கள் என்றேன். இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேருக்கா புள்ள இவ்வளவு காசு? என்ட மகளுக்கு நான் சும்மாதானே பேர் வைச்சன்.”

மீன் பெட்டி

டொக்டர் சம்மதித்து, வசந்தி மலிவு மருந்துக்கு மாறிக் கொஞ்சக் காலத்தில் சுனாமி வந்தது. கடை தப்பியது, கரண்ட் போனது. இன்சுலின் குளிரிலேயே இருக்கவேண்டிய சாமான். கொழும்பிலிருந்து அதைக் குளிராகக் கொண்டுவரும் செலவும் விலையில்தான் ஏறும். இருப்பது பழுதானால் புதிதை என்ன விலைக்கு வாங்குவது?

கை கொடுத்தவர் காத்தான்குடி மீன் வியாபாரி உவைஸ் காக்கா. கடல் அத்தனை பேரைக் கொண்டுபோன பிறகு ஊரில் ஒருவரும் மீன் தொடவில்லை. அவருடைய பெட்டி சும்மா கிடந்தது, ஜெனரேட்டரில் ஓடிய ஐஸ் கொம்பனியில் ஐஸ் வாங்க ஆளில்லை. அந்தப் பெட்டியில் ஐஸ் நிரப்பி, மருந்தில் அது நேரே படாமல் துணி சுற்றி வைத்தோம். ஒரு குப்பிகூடப் பழுதாகவில்லை, நான் ஒரு சதமும் கூட்டவில்லை.

“நல்லாக் கழுவித்தான் தந்திருக்கன் தங்கச்சி. ஊசி போட்டவங்களுக்கு மீன் ஆசை வந்தா என்னைக் கேக்கப்படாது.”

சென்றியில் சீனி

பிறகு சண்டை திரும்ப வந்தது. உன்னிச்சைப் பாதையெல்லாம் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றி. கணபதி அண்ணன் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்து கொண்டுபோவார். வரிசையில் நிற்க நிற்க ஐஸ் கரையும். மருந்து கெட்டால் திரும்ப வாங்கவேண்டும், மலிவு மருந்தும் அப்போது கொம்பனி விலைதான். ஒருநாள் ஆமிக்காரன் பிளாஸ்கில் என்ன என்று கேட்க, பதற்றத்தில் வருத்தத்தின் பெயரையே சொல்லிவிட்டார்: சீனி. சிங்களத்திலும் சீனி சீனிதான். சீனியை ஏன் ஐஸுக்குள் வைத்திருக்கிறாய் என்று அவனுக்குச் சந்தேகம். மனுசன் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி குத்துவதுபோல் நடித்துக் காட்டினாராம். ஆமிக்காரன் சிரித்துவிட்டு அரைத் தமிழில் சொன்னதை அப்படியே வந்து ஒப்புவித்தார்.

“அம்மாக்கும் சீனி. போங்க, ஐஸ் கரையுது.”

புது அரிசி

சண்டை முடிந்து பாதை திறந்தது. ஒரே ஏஜென்ட் வைத்ததே விலை என்றிருந்த கடைக்கு மூன்று பேர் மலிவு இன்சுலினோடு வந்தார்கள், போட்டிக்கு விலையைக் குறைத்தார்கள். லொறியும் வழிமறிப்பின்றி வந்தது. ஏச்சு வாங்கிய அதே கவுண்டரில் நின்று விலை இறங்கிவிட்டது என்று சொன்ன அந்தக் கிழமை, நான்தான் ராணி.

அப்போதுதான் கணபதி அண்ணன் மகளோடு வந்தார். வசந்தி என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். விலையைக் கேட்டதும் அவருக்குப் பழையபடி சந்தேகம், மருந்தின் வீரியமும் இறங்கிவிட்டதோ என்று. இல்லை என்று நான் சத்தியம் பண்ணாத குறை. வசந்தி சிரித்துக்கொண்டே ஒரு பையைக் கவுண்டரில் வைத்தாள்.

“அக்கா, இது அப்பா விக்காம விட்ட காணியில விளைஞ்ச அரிசி. என்னை அளந்துதான் தின்னச் சொல்லியிருக்காங்க, நீங்க வயிறாரத் தின்னுங்க.”

ஊசி மருந்தின் விலையில் பேரும் ஐஸும் சென்றியும் ஏஜென்டும் சேரும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒரு வயற்காணி அதில் சேராமல் தப்பியதே இந்தக் கடையில் நான் கண்ட பெரிய இலாபம்.