டாக்டர் சட்டையின் கோடு

அந்தத் தையல்காரரை எல்லாரும் கோடு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு போட்ட சட்டையில் அவர் பாக்கெட் வைத்தால், பாக்கெட் இருப்பதே தெரியாது. கோட்டோடு கோடு அப்படி ஒட்டிப் போகும். இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு வலக்கண்ணால் மட்டும் பார்த்துத்தான் துணியைப் பொருத்துவார்.

ஒருநாள் அந்தக் கோடுகள் நெளிய ஆரம்பித்தன. நெசவு சரியில்லை என்று துணிக்கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றார். தைத்த சட்டையை வாங்க வந்த கண் டாக்டர் சட்டையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். கையோடு அழைத்துப்போய்ச் சோதித்தார்.

"துணி நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். உங்க வலது விழித்திரைக்கு அடியில ரத்தக்குழாய் கசியுது. கண்ணுக்குள்ளயே மருந்து ஊசி போடணும். மாசம் ஒண்ணு, மொதல்ல மூணு."

"கண்ணுல ஊசியா? ஊசி குத்துறது என் தொழில் டாக்டர், குத்து வாங்குறது இல்ல!" என்று எகிறினார். கூட வந்திருந்த மனைவி ஒரு முறை முறைத்தாள். மனிதர் கப்சிப்பென்று படுத்துக்கொண்டார். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு சோதனைக்கு வந்து டாக்டர் எதிரே உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில் இடக்கண்ணை மூடினார். மறுகணம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஐயையோ, சட்டையைக் கழட்டுங்க டாக்டர்! பாக்கெட் கோணலா இருக்கே! எந்த மடையன் தைச்சான்?"

"நீங்கதான் மாஸ்டர்!" டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "மூணு மாசமா நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் இதைத்தான் போட்டுட்டு வரேன், எப்போ திட்டுவீங்கன்னு!"